எல்லை கடக்கும் வாடகைக் கார்

வாடகைக் கார் ஓர் ஆட்சிப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது மூன்று ஆவணங்கள் தேவைப்படுகின்றன. ஓட்டுபவரின் தகுதியைக் காட்டுவது ஓட்டுநர் உரிமம். வண்டி வாடகைக்கு ஓடலாமா, எங்கே ஓடலாம் என்பதைக் காட்டுவது பர்மிட். விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பை ஏற்பது காப்பீடு. இம்மூன்றும் ஒரே எல்லை வரை செல்லுபடியாவதில்லை. இந்த வேறுபாட்டின் வரலாற்றை விளக்க திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை பொருத்தமான ஊர்.

இடம் மாறாமல் மாநிலம் மாறிய ஊர்

ஆர்.கே.பேட்டை என்பது இராமகிருஷ்ணராஜுபேட்டை என்பதன் சுருக்கம். தமிழும் தெலுங்கும் புழங்கும் நெசவுப் பகுதி இது. சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், திருத்தணி வட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்துடன் சேர்ந்து ஆந்திரத்துக்குச் சென்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் ஆகியோர் முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எச்.வி.படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். அவருடைய பரிந்துரையை ஒட்டி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது.

ஏழு ஆண்டுகளுக்குள் இப்பகுதி மக்களுக்கு மாநிலம் இருமுறை மாறியது. நகரி, புத்தூர், திருப்பதி ஆகியவை முன்பு ஒரே மாவட்டத்து ஊர்கள். பின்னர் அவை வெளிமாநில ஊர்களாயின.

உரிமம் கடந்தது, பர்மிட் நின்றது

பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. அதற்குப் பின் வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தை நாடு முழுவதும் செல்லத்தக்கதாக வைத்தது. ஆகவே மாநில எல்லை நகர்ந்தாலும் ஓட்டுநரின் உரிமத்துக்குப் பாதிப்பில்லை.

பர்மிட் அப்படியல்ல. ஒரு பகுதியில் தரப்பட்ட பர்மிட் மற்றொரு பகுதியில் செல்ல வேண்டுமானால், அங்குள்ள போக்குவரத்து அதிகாரியின் மேலொப்பம் தேவை. வாகன வரி மாநில அரசுக்குரியது என்பதும், எந்தத் தடத்தில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதை அந்தந்தப் பகுதியே முடிவு செய்தது என்பதும் இதற்குக் காரணங்கள். திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு வாடகைக் காரில் செல்பவருக்கு ஓட்டுநரின் உரிமம் மட்டும் போதாமல், தற்காலிக பர்மிட்டும் ஆந்திர வரிச் சீட்டும் வேண்டியிருந்தது இதனால்தான்.

இத்தடை படிப்படியாகத் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றுலா வாகனங்களுக்கு அகில இந்திய பர்மிட்டுக்கு வழி செய்தது. 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவு அதைத் தொடர்ந்தது. 2021, 2023ஆம் ஆண்டு விதிகள் இணையவழியில் ஒரே கட்டணத்தில் அகில இந்திய சுற்றுலா பர்மிட் பெற இடமளித்தன. ஆந்திரப் பிரதேசம் 2014இல் பிரிந்தபோது மறுசீரமைப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, ஏற்கெனவே தரப்பட்ட பர்மிட்டுகள் மேலொப்பமின்றித் தொடர இடம் தந்தது.

பலகையின் நிறம்

வண்டியின் தகுதியைப் பயணி அறிய எளிய வழி எண் பலகை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்தப் பயன்பாட்டுக்குரியது. பேச்சு வழக்கில் ‘ஓன் போர்டு’. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து வாடகை வண்டி, ‘டி போர்டு’. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் கார். இவ்வகைக்கான திட்டம் 1989இல் வகுக்கப்பட்டது. உரிமம் பெற நிறுவனத்திடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும் என்று அது விதித்தது.

ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு அமர்த்துவது மலிவாகத் தோன்றும். ஆனால் பர்மிட் இல்லாத வண்டி கூலிக்கு ஓடியது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் மறுப்புக் காரணமாக எடுத்துவைக்கச் சட்டமே இடம் தருகிறது. மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாக உள்ளது. அந்தப் பாதுகாப்பை, சேமித்த சில நூறு ரூபாய்க்காகப் பயணியும் வண்டிக்காரரும் இழக்க நேரலாம்.

நாட்டின் எல்லை

மாநிலங்களுக்கிடையே தோன்றிய இதே சிக்கலை நாடுகளுக்கிடையே தீர்க்க 1909இல் பாரிசில் முதல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1926இல் பாரிசிலும், 1949இல் ஜெனீவாவிலும், 1968இல் வியன்னாவிலும் புதிய உடன்படிக்கைகள் உருவாயின. இந்தியா ஜெனீவா உடன்படிக்கையில் இணைந்த நாடு. அதன்படி வழங்கப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, சொந்த நாட்டு உரிமத்தின் மொழிபெயர்ப்புச் சான்று போன்றது. உரிமத்துக்கு மாற்று அல்ல. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் இதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்குகிறது. கூடிய அளவு ஓராண்டு செல்லும். 2022 ஆகஸ்டில் இதன் வடிவம் நாடு முழுவதும் ஒரே சீராக்கப்பட்டது.

உடன்படிக்கை இருந்தும் உள்நாட்டு விதிகள் நீங்குவதில்லை. இலங்கையில் வாகனம் ஓட்டும் வெளிநாட்டவர் அங்கு உள்ளூர் ஒப்புதலும் பெற வேண்டும். வளைகுடா நாடுகளில் குடியிருப்பு விசா பெற்றவருக்கு அந்நாட்டு உரிமம் தேவை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள்; வளைகுடாவில் வலப்பக்கம். இடப்பக்கம் பழகிய கை வலப்பக்கச் சாலையில் தவறுவது திரும்பும் இடங்களிலும் வட்டச் சந்திப்புகளிலுமே என்பதால், அங்கு வண்டி எடுப்பவர் முதல் நாள் போக்குவரத்துக் குறைந்த சாலையில் ஓட்டிப் பழகுவது நல்லது.

மதிப்பீடு

ஆர்.கே.பேட்டையின் எல்லை வரலாறு காட்டுவது இதுவே: ஓட்டத் தெரிந்தவர் எங்கும் ஓட்டத் தெரிந்தவரே. ஆனால் எல்லையின் மறுபக்கத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதை வண்டியின் தாள்களே முடிவு செய்கின்றன. நகரிக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும், சாவியை வாங்கும் முன் உரிமம், பர்மிட், காப்பீடு மூன்றும் போகுமிடத்தில் செல்லுமா என்று பார்ப்பது அவசியம்.