மேசைக்கணினி மென்பொருளுக்குள் வெப் சர்வர்: காத்திருப்பின் வரலாறு

உலாவியையே தன் திரையாக்கிக்கொள்ளும் மேசைக்கணினி மென்பொருள், தனக்குள் ஒரு சிறிய வெப் சர்வரை வைத்துக்கொள்கிறது. 1999-இல் வெளிவந்த ‘கப்ஸ்’ அச்சு மென்பொருளை 631-ஆம் போர்ட்டில் உலாவி வழியே நிர்வகிக்கலாம்; 2011 இறுதியில் வந்த ஐபைத்தான் நோட்புக், டொர்னாடோ சர்வரைத் தன்னுள் கொண்டிருந்தது. இத்தகைய சர்வருக்குப் பெரும்பாலும் பயனர் ஒருவரே. நாளில் பெரும்பகுதி அதற்கு வேலையே இராது. அப்போதும் சிபியு பயன்பாடு உயர்ந்து நின்றால், பெரும்பாலும் அது காத்திருக்கும் முறையில் உள்ள கோளாறு.

மிக எளிய முறை, ‘இணைப்பு வந்ததா?’ என்று சாக்கெட்டை ஓயாமல் கேட்கும் சுழல். ஒன்றும் வராவிட்டாலும் அது சிபியுவின் ஒரு கோர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இடையில் 10 மில்லிநொடி உறங்கவிட்டால் சுமை குறையும். ஆயினும் நொடிக்குச் சுமார் நூறு முறை நிரல் வீணே விழித்தெழும்.

1983-இல் 4.2பிஎஸ்டி இயங்குதளம் கொண்டுவந்த ‘செலக்ட்’ என்னும் கெர்னல் அழைப்பு இதற்குத் தீர்வு தந்தது. நிரல் தன் சாக்கெட்டுகளின் பட்டியலைக் கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கும். ஏதேனும் வந்தால் கெர்னல் எழுப்பும். ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் அலச வேண்டியிருந்தது இதன் குறை. டான் கெகல் 1999-இல் முன்வைத்த ‘சி10கே’ சிக்கல், அதாவது ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைச் சமாளிப்பது, இக்குறையைப் பரவலான விவாதமாக்கியது. இக்குறையைத் தவிர்க்கும் மாற்றுகளாக ஃப்ரீபிஎஸ்டியில் 2000-இல் ‘கேக்யூ’வும், லினக்ஸில் 2002-இல் ‘ஈபோல்’லும் வந்தன.

நாலைந்து இணைப்புகளே உள்ள மேசைக்கணினிக்குச் ‘செலக்ட்’டே போதும். அதைக் கையாள்வதில்தான் பிழை நேர்கிறது. காலவரம்பைச் சுழியம் என்று கொடுத்தால் ‘செலக்ட்’ உறங்காமல் உடனே திரும்பிவிடும். மறுமுனை மூடிய சாக்கெட் எப்போதும் ‘படிக்கத் தயார்’ என்றே காட்டும். படித்தால் சுழியம் பைட்டுகளே கிடைக்கும். அந்தச் சாக்கெட்டை மூடிப் பட்டியலிலிருந்து நீக்காவிட்டால் சுழல் நிற்காது. பயனர் மென்பொருளை மூடுவதைக் கவனிக்கவென்றே சிலர் காலவரம்பைச் சுருக்குவர். அதற்குப் பதில், பட்டியலில் ஒரு பைப்பைச் சேர்த்து, மூடும்போது அதில் ஒரு பைட் எழுதினால் சர்வர் விழித்துக்கொள்ளும். டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் ‘செல்ஃப்-பைப்’ உத்தியும் இத்தகையதே.

மடிக்கணினி பரவியபின் சிறு விழிப்பும் பேட்டரிச் செலவாயிற்று. 2007-இல் லினக்ஸ் 2.6.21, ஓய்வில் இருக்கும் சிபியுவைச் சீரான இடைவெளியில் எழுப்பும் பழக்கத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட ‘பவர்டாப்’, அடிக்கடி விழிக்கும் நிரல்களைப் பெயரோடு பட்டியலிட்டது. திருத்த வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தது.

சர்வரைச் சரிசெய்தாலும், உலாவிப் பக்கம் நொடிதோறும் ‘புதிதாக ஏதும் உண்டா?’ என்று கேட்டால் இரு பக்கமும் உறங்க முடியாது. 2011-இல் தரமாக்கப்பட்ட வெப்சாக்கெட் இந்தத் தேவையை நீக்கியது: இணைப்பு திறந்தே இருக்க, மாற்றம் நேரும்போது மட்டும் சர்வர் செய்தி அனுப்பும்.