டிரில்லுக்கு சார்ஜ் இருக்கா? பட்டறையில் நீங்களே அமைக்கலாம் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன்!

வார்ட்ரோப் கதவின் கடைசி கீல். நாலு ஸ்க்ரூவில் மூணு போட்டாச்சு. நாலாவதில் டிரில் 'ர்ர்ர்...' என்று முனகிவிட்டு நின்றுபோகிறது.

"தம்பி, அந்த இன்னொரு பேட்டரியை எடு."

"அதுவும் காலிண்ணே."

"காலையிலேயே சார்ஜ் போடச் சொன்னேனே?"

"போட்டேன்ணே... சுவிட்ச்சை ஆன் பண்ண மறந்துட்டேன்!"

இன்டீரியர் வேலை, ஃபேப்ரிகேஷன், ஏசி சர்வீஸ்... எந்தத் தொழிலில் கார்ட்லெஸ் டூல் வைத்திருந்தாலும் இந்த உரையாடல் உங்களுக்குப் புதுசாக இருக்காது. ஒரு சார்ஜர் ஜன்னல் மேல, ஒண்ணு டேபிளுக்கு அடியில, இன்னொண்ணு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டீ கெட்டிலுக்குப் பக்கத்தில். எது ஃபுல், எது காலினு யாருக்கும் தெரியாது.

இதில் போவது அரை மணி நேர வேலைதான் என்றால் பரவாயில்லை. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பிறகு, மரத்தூளுக்கு நடுவில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் ஒரு பேட்டரி தீப்பிடித்தால்? பார்க்க ஆள் இல்லை, அணைக்கவும் ஆள் இல்லை. அதனால், சார்ஜிங் ஸ்டேஷன் என்பது பட்டறையை அழகாகக் காட்டும் வேலை மட்டும் இல்லை. சூடு, தூசு, ஆளில்லாத நேரம் என்ற மூன்று எதிரிகளையும் பேட்டரியிடமிருந்து தள்ளிவைக்கும் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

முதலில் பேட்டரியைப் புரிஞ்சுக்கலாம்

உங்கள் 18 வோல்ட் பேட்டரிக்குள் 5 லித்தியம் அயான் செல்கள் தொடராக இருக்கின்றன. ஒரு செல் 3.6 வோல்ட், 5 சேர்ந்தால் 18. ஃபுல் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் வரை போகும். அப்போது மொத்தம் 21 வோல்ட். ஒரு கம்பெனி '18' என்றும், இன்னொன்று '20 மேக்ஸ்' என்றும் போடுவது பெரும்பாலும் இதே 5 செல் கணக்கைத்தான். 20 என்பதால் பவர் அதிகம் என்று ஏமாற வேண்டாம்.

5 ஏ.ஹெச் என்று போட்டிருந்தால், அதில் 18 x 5 = 90 வாட்-அவர் மின்சாரம் அடங்கும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட, ஒரு யூனிட் கரன்ட்டில் இப்படி சுமார் 9 பேட்டரிகளை நிரப்பலாம். ஆக, இங்கே கரன்ட் பில் பிரச்னை இல்லை. புது பேட்டரியின் விலைதான் பர்ஸைப் பதம் பார்க்கும்.

அந்த பேட்டரியை சீக்கிரம் சாகடிப்பது சூடு. பெரும்பாலான கம்பெனிகள் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள் என்றுதான் கையேட்டில் சொல்கின்றன. கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் எத்தனை டிகிரி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

எங்கே வைப்பது?

* வெயில் நேராக விழாத, மழைச்சாரல் படாத சுவர். ஷீட் கூரை என்றால் கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம். ரேக்கின் உச்சி ஐந்தரை அடியைத் தாண்ட வேண்டாம்.

* டேபிள் ஸா, கிரைண்டர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. மரத்தூள் தீயைப் பிடிக்கும். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தும். சார்ஜரின் காற்றுத் துளைக்குள் இரண்டுமே போகக் கூடாது.

* தின்னர், வார்னிஷ், பாலிஷ் டப்பாக்கள் பக்கத்தில் கூடவே கூடாது.

* வாசலை ஒட்டியோ, படிக்கட்டுக்கு அடியிலோ வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓடும் வழி அதுதான்.

லோடு கணக்கு: ஒரு நிமிஷம் போதும்

ஒவ்வொரு சார்ஜரின் பின்பக்க ஸ்டிக்கரிலும் எத்தனை வாட், எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதைக் கூட்டுங்கள். உதாரணமாக, 240 வாட் ஃபாஸ்ட் சார்ஜர் இரண்டு, 80 வாட் சாதா சார்ஜர் இரண்டு. மொத்தம் 640 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 2.8 ஆம்பியர். நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். ஆனாலும், 6 ஆம்பியர் லைனுக்கு இது தாராளம்.

அதே லைனில் 850 வாட் ஆங்கிள் கிரைண்டரையும் சொருகினால்? மொத்தம் 1,490 வாட், ஆறரை ஆம்பியர். லைன் தாங்கும் அளவைத் தாண்டியாச்சு. அதனால் சார்ஜிங் லைனில் சார்ஜர்கள் மட்டும்தான். வேக்குவம் கிளீனர், கெட்டில், கிரைண்டர் எதுவும் அங்கே வரக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. 'அமெரிக்காவுல இருந்து மாமா கொண்டுவந்த செட்' உங்களிடம் இருந்தால் சார்ஜரின் ஸ்டிக்கரைக் கட்டாயம் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், நம் ஊர் 230 வோல்ட்டில் சொருகிய நொடியே கதை முடிந்துவிடும். பின்னை மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது!

ரேக் செய்யலாம் வாங்க

மிஞ்சிய பிளைவுட் துண்டுகளே போதும். நாலு சார்ஜர்களுக்கான அளவு இது:

1. பின்பலகை: 18 எம்.எம் பிளைவுட், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம். சுவரில் முதலில் செங்குத்தாக 1 இன்ச் ரீப்பர்களை ராவல் பிளக் போட்டு முடுக்கி, அதன் மேல் பலகையைப் பிடியுங்கள். பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று போகும். சுவரின் ஈரமும் ஏறாது.

2. தட்டுகள்: 10 இன்ச் ஆழத்தில் 3 தட்டுகள். 'எல்' கிளாம்ப்பில் உட்காரட்டும். கதவு, பக்கப்பலகை எதுவும் வேண்டாம். தூசுக்குப் பயந்து அலமாரி மாதிரி மூடிவிட்டால் சூடு வெளியேற முடியாது.

3. மேல் தட்டு, சார்ஜர்களுக்கு: தட்டின் மேலும், அதற்குப் பின்னால் உள்ள பலகையிலும் 6 எம்.எம் சிமென்ட் ஃபைபர் போர்டை ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். பிளைவுட் எரியும், இது எரியாது. இந்தத் தட்டுக்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது.

4. இடைவெளி: ஒரு சார்ஜர் 6 இன்ச் அகலம் என்றால், நாலுக்கு 24 இன்ச். மீதி 12 இன்ச்சில், சார்ஜர்களுக்கு இடையே 3 இன்ச், இரண்டு ஓரத்திலும் ஒன்றரை இன்ச். கணக்கு சரியாக வரும்.

5. சார்ஜரின் பின்னால் மாட்டுவதற்குத் துளை இருந்தால் பலகையில் தொங்கவிடலாம். இரண்டு துளைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்துத் தடுமாற வேண்டாம். மாஸ்கிங் டேப்பைத் துளைகளின் மேல் ஒட்டி, பேனாவால் குத்தி, அதே டேப்பைப் பலகையில் ஒட்டினால் ஸ்க்ரூ இடம் ரெடி.

6. கீழ்த் தட்டுக்கு அடியில் டிரில்களை மாட்டிக்கொள்ளலாம். 3 இன்ச் பி.வி.சி பைப்பைத் துண்டுபோட்டு, டிரில் கைப்பிடி நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் வெட்டித் தொங்கவிட்டால், பேட்டரியைக் கழற்றிய டிரில் அதில் ஜம்மென்று உட்காரும்.

மூன்று தட்டு, மூன்று நிலைமை

இந்த ஸ்டேஷனின் உயிரே இதில்தான் இருக்கிறது. மேல் தட்டில் 'சார்ஜில்', நடுவில் 'ஆறட்டும்', கீழே 'ரெடி' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சூடு மேலே போகும் என்பதால், சூடாகும் சார்ஜர்கள் உச்சியில். ஃபுல்லான பேட்டரிகள் குளிர்ச்சியாகக் கீழே.

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பார்கள். பேட்டரிக்கு அது பொருந்தாது, ஆறினால்தான் சார்ஜ்! கான்கிரீட்டில் துளை போட்டு, தொட்டாலே சுடுகிற பேட்டரியை அப்படியே சார்ஜரில் சொருகாதீர்கள். அரை மணி நேரம் நடுத்தட்டில் ஆறட்டும். நல்ல சார்ஜர்கள் சூடான பேட்டரியைக் கண்டால் தாங்களாகவே காத்திருக்கும். எல்லா சார்ஜரும் அப்படி இல்லை.

ஒவ்வொரு பேட்டரியிலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு நம்பரும், வாங்கிய மாதமும் எழுதுங்கள். "3-ம் நம்பர் சீக்கிரம் இறங்குதுண்ணே" என்று தம்பி சொல்ல ஆரம்பித்தால், எந்த பேட்டரி ஓய்வு பெறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒயரிங்: இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்க

ரேக் உங்கள் வேலை. கரன்ட் எலக்ட்ரீஷியன் வேலை. அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

* போர்டிலிருந்து தனி லைன். 1.5 ஸ்கொயர் எம்.எம் காப்பர் ஒயர், 6 ஆம்பியர் எம்.சி.பி, சரியான எர்த்.

* 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. லீக்கேஜ் இருந்தால் உயிரைக் காப்பது இதுதான்.

* சார்ஜருக்கு ஒரு பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகும் பழக்கத்துக்கு இதோடு முற்றுப்புள்ளி.

* வாசலுக்குப் பக்கத்தில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்குடன் ஒரு மாஸ்டர் சுவிட்ச். முழு ஸ்டேஷனும் அதில் அணைய வேண்டும்.

மறதி ஆசாமி என்றால், லைனில் ஒரு டைமரையும் சேர்க்கச் சொல்லுங்கள். 2 மணி நேரத்தில் தானாக ஆஃப் ஆகிவிடும். வேகமான சார்ஜரில் 5 ஏ.ஹெச் பேட்டரிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போதும்; 2 ஆம்பியர் சாதா சார்ஜரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கேற்ப நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

'சார்ஜர்தான் ஃபுல் ஆனதும் தானே நிறுத்திடுமே' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், எல்லாம் நல்லபடியாக வேலை செய்யும்வரை. கீழே விழுந்து உள்ளே அடிபட்ட செல்லும், பழுதான சார்ஜரும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதில்லை.

இவற்றுக்கு ஸ்டேஷனில் இடமில்லை!

உப்பிய பேட்டரி, உயரத்திலிருந்து விழுந்து ஓடு விரிந்தது, மழையில் நனைந்தது, சார்ஜில் வழக்கத்தைவிட அதிகம் சுடுவது... இவற்றை 'ஒருமுறை போட்டுத்தான் பார்ப்போமே' என்று சொருகவே வேண்டாம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு வாளியில், கட்டடத்துக்கு வெளியே, வெயிலும் மழையும் படாமல் தனியாக வையுங்கள்.

குப்பைத்தொட்டியிலும் போடக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. சர்வீஸ் சென்டரில் கேட்டுப்பாருங்கள்.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று காப்பி பேட்டரி வாங்கும்போதும் யோசியுங்கள். ஐ.எஸ். 16046 என்ற எண்ணுடன் பி.ஐ.எஸ் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி சார்ஜரில் அடாப்டர் வைத்துத் திணிப்பதும் ஆபத்துதான்.

ஒரு மாதத்துக்கு வேலை இல்லை என்றால், பேட்டரிகளை ஃபுல்லாகவும் வைக்காமல், காலியாகவும் விடாமல், பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஸ்க்ரூ கிடக்கும் பாக்கெட்டிலோ, ஆணி டப்பாவிலோ வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு ஸ்க்ரூ இரண்டு முனைகளையும் தொட்டால்கூட ஷார்ட் ஆகிவிடும்.

ஒருவேளை தீப்பிடித்தால்?

லித்தியம் பேட்டரியின் புகை நச்சு. கைக்கு எட்டினால் மாஸ்டர் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். 101 அல்லது 112-க்கு போன் பண்ணுங்கள். எரியும் பேட்டரியைக் கையில் தூக்கி எறிய முயற்சிக்காதீர்கள். பவுடர் வகை தீயணைப்பான் சுற்றிலும் பரவும் தீயை அடக்க உதவும். ஆனால், செல்லின் சூட்டைத் தணிக்காது என்பதால், அணைந்த பேட்டரி மறுபடி பற்றிக்கொள்ளலாம். மரத்தூள் பறக்கும் பட்டறையில் புகை அலாரம் சும்மாவே அலறும். வெப்ப அலாரம் பொருத்தமாக இருக்கும்.

கடைசியாக, பட்டறையில் எல்லோருக்கும் ஒரே ஒரு விதி. சார்ஜ் போடுவது காலை டீக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில், ஆள் இருக்கும்போது மட்டும். வேலை முடிந்ததும் ஷட்டரை இறக்கும் முன் வாசல் பக்கம் ஒரு பார்வை... அந்தச் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா? அப்போ பூட்டிட்டுக் கிளம்புங்க. நாளைக்குக் கடைசி ஸ்க்ரூவரை டிரில் ஓடும். ராத்திரி நீங்களும் நிம்மதியா தூங்கலாம்!