தொப்பினம்பூர்: பெயர் மாறிப்போன ஒரு கிழங்கின் கதை



லாசப்பலில் மரவள்ளியும் இராசவள்ளியும் தேடித் தேடி வாங்குகின்ற எங்கட ஆக்கள், பக்கத்துப் பிரெஞ்சுச் சந்தையில் குளிர்காலத்தில் குவித்து வைத்திருக்கும் ஒரு கிழங்கைக் கண்டும் காணாதது போலப் போய்விடுகிறார்கள். பார்த்தால் இஞ்சி மாதிரி இருக்கும். முண்டும் முடிச்சும். சில மண்ணிறம், சில ஊதா கலந்த சிவப்பு. இஞ்சியென்று வாங்கிக்கொண்டுபோய் தேத்தண்ணீருக்குத் தட்டிப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும்! அதன் பெயர் தொப்பினம்பூர்.

நான் வேலை செய்வது மரக்கறி கழுவி, வெட்டி, பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில். நவம்பர் தொடங்கினால் இந்தக் கிழங்கு பெட்டி பெட்டியாக வரும். முடிச்சுகளுக்கு இடையில் இருக்கிற மண்ணை இயந்திரம் எடுக்காது. கையால்தான் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்த்துத் தேய்த்தே இதன் கதையை அறியவேணும் என்ற ஆசை எனக்கு வந்தது. ஏ.எல். பரீட்சையோடு படிப்பு முடிந்துபோன எனக்கு வரலாறு எழுதத் தகுதி உண்டோ என்று சங்கத்து ஆக்களிடமே கேட்டேன். "கிழங்கைப் பற்றித்தானே, எழுதும்" எண்டு சொல்லிப்போட்டினம்.

தொப்பினம்பூர் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அதன் சொந்த இடம் வட அமெரிக்கா. ஐரோப்பியர் போகமுன்னரே அங்குள்ள பூர்வகுடிகள் இதைப் பயிரிட்டுச் சாப்பிட்டார்கள். 1605ஆம் ஆண்டு சம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக் கடலோடி, இன்றைய அமெரிக்காவின் கேப் கொட் கரையில் இதைக் கண்டு, ஆர்ட்டிசோ மரக்கறியின் சுவை இருப்பதாக எழுதி வைத்தார். அடுத்த சில வருடங்களில் கிழங்கு கப்பலேறிப் பிரான்சுக்கு வந்துவிட்டது. உருளைக்கிழங்கை மனிதச் சாப்பாடு என்று பிரெஞ்சுக்காரர் ஏற்றுக்கொள்ள முன்னரே இது பரிஸ் தெருக்களில் விற்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியென்றால் 'தொப்பினம்பூர்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை இருக்கிறது.

அந்த நாளில் பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவிலும் இடம் பிடிக்கப் போனார்கள். 1612இல் பிறேசிலின் மரஞ்ஞாவ் பகுதியில் ஒரு கோட்டை கட்டி, தங்கள் அரசன் 13ஆம் லூயியின் பெயரை வைத்தார்கள். சாவ் லூயிஸ் என்ற நகரமாக அது இன்றும் இருக்கிறது. அந்த மண்ணின் மக்கள் துப்பினம்பா இனத்தவர். 1613இல் அவர்களில் ஆறு பேரைக் கப்பலில் ஏற்றி பரிசுக்குக் கொண்டுவந்தார்கள். இறகு உடையோடு அவர்களைப் பார்க்கச் சனம் தெருவில் முண்டியடித்தது. அரசனுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஆடவும் வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஆறு பேரில் மூன்று பேர் நோய் வந்து செத்துப்போனார்கள். மிஞ்சிய மூன்று பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்து, மூவருக்குமே லூயி என்று அரசனின் பெயரைச் சேர்த்து வைத்தார்கள்.

பரிஸ் முழுக்க அவர்களின் கதையாகவே இருந்த காலத்தில்தான் இந்தப் புதுக் கிழங்கும் சந்தைக்கு வந்தது. தூர தேசத்து ஆக்கள், தூர தேசத்துக் கிழங்கு. வியாபாரிகளுக்கு இவ்வளவும் போதாதா? அவர்களின் பெயரையே கிழங்குக்கு வைத்துக் கூவி விற்றார்கள். கனடாப் பக்கத்துக் கிழங்குக்குப் பிறேசில்காரரின் பெயர்! துப்பினம்பா மக்கள் வாழ்நாளில் அந்தக் கிழங்கைக் கண்டதே இல்லை. பெரிய அறிஞர் லின்னேயஸ்கூட 1753இல் எழுதிய தாவர நூலில், இதன் சொந்த இடம் பிறேசில் என்றே பதிந்துவிட்டார். ஆங்கிலேயரின் கூத்து இன்னும் பெரிது. அவர்கள் இதை 'ஜெருசலேம் ஆர்ட்டிசோக்' என்கிறார்கள். அது ஜெருசலேமும் அல்ல, ஆர்ட்டிசோக்கும் அல்ல.

பெயர் பிழைத்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். விமானநிலையத்தில் ஒரு எழுத்து மாறியதால் இருபது வருடமாக வேறு பெயரில் வாழ்கிற ஆக்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, துப்பினம்பா மக்களின் உண்மையான கிழங்கு எது? அது மரவள்ளி! பிரெஞ்சுக்காரர் சொல்கிற 'மனியோக்', சிங்களவர் சொல்கிற 'மஞ்ஞொக்கா' எல்லாமே துப்பி மொழிச் சொல்லிலிருந்து வந்தவைதான். 'தப்பியோக்கா' என்பதும் அவர்கள் மொழிதான். விசமுள்ள மரவள்ளியைத் துருவி, நீண்ட பின்னல் குழாய்க்குள் அடைத்துப் பிழிந்து, விசத்தைப் போக்கி மாவாக்குகிற வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பகுதிப் பூர்வகுடிகள். அதை எண்ணிப் பார்க்கத்தான் எங்கட ஊர்ச் சமையல் எனக்கு விளங்கியது. மூடி போடாமல் அவிக்க வேணும், அவித்த தண்ணியை ஊற்ற வேணும், இஞ்சியோடு சேர்க்கக் கூடாது என்று அப்பாச்சி கட்டளை போடுவா. இஞ்சிக் கதை வெறும் நம்பிக்கையாக இருக்கலாம். மற்ற இரண்டும் விசத்துக்குப் பயந்த அறிவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒல்லாந்தர் காலத்தில், மரவள்ளி இலங்கைக்கு வந்தது. துப்பினம்பாவின் பெயர் பரிசுக்கு வந்தது. அவர்களின் சாப்பாடு எங்களிடம் வந்தது.

துப்பினம்பா இனம் அழிந்தே போனது என்று புத்தகங்கள் கனகாலமாக எழுதின. அவர்கள் அழியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் டென்மார்க்குக்குப் போன அவர்களின் செந்நிற இறகுப் போர்வை ஒன்று, 2024இல்தான் பிறேசிலுக்குத் திரும்பியது. அதை வரவேற்க அவர்களின் ஆட்கள் றியோ நகரத்துக்குப் போயிருந்தார்கள்.

கிழங்குக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு பிரான்சைப் பிடித்துக்கொண்டது. தொப்பினம்பூர் மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாகக் கீழே இறங்கியது. அதை மறுபடி மனிதத் தட்டுக்குக் கொண்டுவந்தது யுத்தம்.

1940 யூனில் ஜேர்மன் படை பரிசுக்குள் நுழைந்தது. செப்ரெம்பரில் பாணுக்குப் பங்கீடு வந்தது. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 350 கிராம். பிறகு அதையும் குறைத்தார்கள். சனத்தை எழுத்து வைத்துப் பிரித்தார்கள். குழந்தைக்கு ஒரு எழுத்து, வயோதிபருக்கு ஒரு எழுத்து, எங்களைப் போலப் பாரமான வேலை செய்கிறவனுக்கு 'தே' என்ற எழுத்து. கோதுமை, இறைச்சி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஜேர்மன்காரர் தங்கள் படைக்கும் நாட்டுக்கும் அள்ளினார்கள். மாட்டுத் தீனியான தொப்பினம்பூரையும் ரூத்தபகாவையும் மட்டும் விட்டுவைத்தார்கள். தொப்பினம்பூருக்குத் தோல் மெல்லிசு. கிண்டி எடுத்தால் சில நாளில் சுருங்கிவிடும். நீண்ட தூரம் ஏற்றிக்கொண்டு போவதற்கு உதவாது. உதவாத குணமே சனத்துக்கு உதவியது. நாலு வருடம் பிரெஞ்சுச் சனம் வெண்ணெயும் எண்ணெயும் இல்லாமல், வெறும் தண்ணியில் அவித்து இதைச் சாப்பிட்டது.

அதே காலத்தில் எங்கட ஊரில் என்ன நடந்தது? 1942இல் பர்மா யப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. இலங்கையில் அரிசிக்குப் பங்கீடு. 'கூப்பன்' என்ற சொல் எங்கட வாயில் ஒட்டியது அப்போதுதான். அரிசி இல்லாத வீடுகளில் மரவள்ளியும் ஒடியல் மாவும் அடுப்பேறின. 1973, 74இல் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் மரவள்ளிதான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோதும் ஒடியலும் மரவள்ளியும்தான். கப்பலில் வருவதைத் தடுக்கலாம். மண்ணுக்குள் கிடப்பதை என்ன செய்வது?

நான் தோட்டம் செய்கிற இடம் ஒரு தொழிலாளர் தோட்டம். லெமீர் என்ற பாதிரியார் 1896இல், தொழிற்சாலை ஆக்களுக்கும் ஒரு துண்டு மண் வேண்டும் என்று தொடங்கி வைத்த இயக்கம், இன்றும் பரிசைச் சுற்றி உயிரோடு இருக்கிறது. எனக்குப் பக்கத்துப் பாத்தி ஒரு பிரெஞ்சுப் பெண்ணுடையது. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற அவரின் தாய், வெயில் நாளில் கதிரை போட்டு இருந்துகொண்டு என்னோடு கதைப்பா. நான் முதன்முதல் தொப்பினம்பூர் நட்ட வருடம், இலையைப் பார்த்ததும் மனிசியின் முகம் மாறிவிட்டது.

"அதையா நடுகிறீர்கள்?"

"ஓம் மதாம். நல்ல கிழங்குதானே?"

"எனக்கு ஆறு வயது. ஒவ்வொரு நாளும் அதுதான். படிக்கட்டு முழுக்க அந்த மணம். அம்மா தன்னுடைய பங்கையும் எங்கள் தட்டில் போட்டுவிட்டுப் பசியில்லை என்பா. யுத்தம் முடிந்த பிறகு எங்கள் வீட்டுக்குள் அது வந்ததே இல்லை."

அதற்குமேல் மனிசி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படித்தான் ஒரு தலைமுறையே இதைத் தள்ளி வைத்தது. 1944இல் விடுதலை வந்தது. பங்கீடு 1949இல்தான் முழுதாக முடிந்தது. ஆனால் தொப்பினம்பூருக்கும் ரூத்தபகாவுக்கும் ஐம்பது வருடத்துக்கு மேல் மன்னிப்புக் கிடைக்கவில்லை. பசியைக் காணாத பேரப்பிள்ளைகள் வந்த பிறகுதான் 'மறக்கப்பட்ட மரக்கறிகள்' என்று பெயர் சூட்டி மீண்டும் கடைக்கு வந்தது. இன்று பெரிய உணவகங்களில் இதைக் கூழாக்கிச் சின்னக் கோப்பையில் வைக்கிறார்கள். விலை உருளைக்கிழங்கை விடக் கூட!

எங்களிடம் இது வேறு மாதிரி நடக்கிறது. 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் வாளியோடு வரிசையில் நின்று வாங்கிய அந்தக் கஞ்சியை, வருடா வருடம் மே மாதத்தில் காய்ச்சி, பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கதை சொல்லுகிறோம். பிரெஞ்சுக்காரர் மறப்பதற்காகச் சாப்பிடாமல் விட்டார்கள். நாங்கள் மறக்காமல் இருப்பதற்காகக் குடிக்கிறோம். எது சரி என்று நான் சொல்லமாட்டேன். என்ர அம்மா கஞ்சிக் கோப்பையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்குவா. ஒரு வாய்கூட வைக்காமல் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுத்துவிடுவா. அந்தக் கதிரையில் இருக்கிற மனிசியை அம்மாவுக்கு நல்லாப் பிடிக்கும். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் வெங்காயத் தாள் மாற்றிக்கொள்வார்கள்.

இனி நடுகிற விதம். மாசி முதல் சித்திரை வரை நடலாம். 10 சென்ரிமீற்றர் ஆழம், கிழங்குக்குக் கிழங்கு அரை மீற்றர். எந்த மண்ணும் சரி. இரண்டு, மூன்று மீற்றர் உயரத்துக்கு வளரும். எனவே தக்காளிக்கு வெயிலை மறைக்காமல் வடக்குப் பக்கமாக நடுங்கோ. கோடை முடிகிற நேரம் சின்னச் சூரியகாந்தி போல மஞ்சள் பூக்கும். தண்டு காய்ந்த பிறகு, கார்த்திகையிலிருந்து பங்குனி வரை தேவைக்குத் தேவை கிண்டி எடுக்கலாம். பனி கிழங்கை ஒன்றும் செய்யாது. குளிர்பட்டால் இன்னும் இனிக்கும். ஒரு எச்சரிக்கை: ஒரு சின்னத் துண்டு மண்ணுக்குள் தப்பினாலும் அடுத்த வருடம் முளைக்கும். 1617இல் இங்கிலாந்தில் ஜோன் கூடியர் என்ற தாவர அறிஞருக்குக் கோழி முட்டை அளவில் இரண்டே இரண்டு கிழங்கு கிடைத்தது. ஒன்றை நண்பருக்குக் கொடுத்தார், மற்றதை நட்டார். அந்த ஒன்றிலிருந்து ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக்கே விதைக் கிழங்கு கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அதே மனிதர்தான், இதை எப்படிச் சமைத்தாலும் வயிற்றில் வாயு கிளம்பும் என்று குறையும் எழுதினார். உண்மைதான்! இதில் உருளைக்கிழங்கில் உள்ள மாச்சத்து இல்லை. இனுலின் என்ற வேறு சத்து. அது குடலில் சமிக்காமல் கீழே போய்ப் புளிக்கும். அதனால் சலரோகக்காரருக்கு உருளைக்கிழங்கு அளவுக்குச் சீனியை ஏற்றாது. மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம். முதல் நாள் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்துங்கோ. விருந்துக்குப் போகிற நாளில் வேண்டவே வேண்டாம்.

எங்கட வீட்டுச் செய்முறை இது. தோல் சீவத் தேவையில்லை, பிரசால் தேய்த்தால் போதும். எலுமிச்சம்புளி விட்ட தண்ணியில் முழுசாகப் பதினைந்து நிமிடம் அவியுங்கோ. புளி விட்டால் கறுக்காது, வாயுவும் கொஞ்சம் குறையும். பக்கத்தில் நிற்க வேணும், ஒரு நிமிடம் பிந்தினால் களியாகிவிடும். தண்ணியை ஊற்றிவிட்டுத் துண்டாக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பெருங்காயம் கொஞ்சம் கூடப் போட்டு, தேங்காய்ப்பாலில் ஒரு கொதி. பலாக்கொட்டைக் கறியின் ஞாபகம் வரும். மெல்லிசாகச் சீவிப் பொரித்தால் பிள்ளைகள் மிச்சம் வைக்கமாட்டார்கள். ஒடியல் கூழுக்கு மரவள்ளிக்குப் பதிலாகப் போடலாமோ என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், சுவையாகவும் இருக்கும். ஆனால் மாச்சத்து இல்லாததால் கூழைத் தடிப்பாக்காது. ஒடியல் மாவைக் கொஞ்சம் கூட்டிக் கரைக்க வேணும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற நேரம் கிழங்குகள் முளை விட்டிருக்கும். புத்தாண்டு விழா மண்டப வாசலில் ஒரு பை கொண்டுவந்து வைப்பேன். வீட்டுக்கு இரண்டு போதும். மாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் பெரிய வாளியில் நடலாம். அடியில் துளை போட மறக்க வேண்டாம்.