சுங்கான்கடை மண்பாண்டச் சூளைகள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சுங்கான்கடை, கன்னியாகுமரி மாவட்டத்தில் மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். பானை, மீன்சட்டி, கலயம், அகல் ஆகியவை இங்குள்ள சூளைகளில் வெந்து விற்பனைக்கு வருகின்றன.

இத்தொழிலை இம்மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு நெல் வேளாண்மையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. வயலுக்கு நீர் தரும் குளமே களிமண்ணும் தந்தது. அறுத்த வயலின் வைக்கோல் சூளைக்கு மூடாக்கு ஆனது. மாவட்டத்தில் 2,000க்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. கோடையில் நீர் வற்றும்போது மண் எடுத்துச் சேமித்துக்கொள்வர்.

சேமித்த மண்ணை அடுத்துப் பதப்படுத்த வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் பீங்கான் தொழிலுக்கு வேண்டிய சிக்கிமுக்கிக் கல்லையும் எலும்பையும் சுட்டு அரைத்துக் கொடுக்கவே தனி ஆலைகள் இருந்தன. அவற்றுள் 1857இல் எழுந்த எட்ரூரியா ஆலை இன்றும் நிற்கிறது. சுங்கான்கடையில் அந்த ஆலையின் வேலையைச் செய்தது மனிதனின் கால். களிமண்ணோடு மணல் சேர்த்து, கட்டியும் கல்லும் பொறுக்கி, பிசுபிசுப்பு சீராகும்வரை மிதித்தனர். பின்னாளில் மண் பிசையும் இயந்திரமும் மின்சக்கரமும் வந்தன.  

சூளை வைப்பதுதான் நுட்பமான கட்டம். நிழலில் உலர்ந்த கலங்களை அடுக்கி, இடையிடையே தேங்காய்க் கதம்பை, தென்னை மட்டை, விறகு திணித்து, மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசுவர். புகை போக ஆங்காங்கே துளை விடுவர். முதலில் தீ மெல்ல எரிய வேண்டும். மிச்ச ஈரம் சட்டென ஆவியானால் கலம் வெடித்துவிடும். ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசில் களிமண்ணோடு பிணைந்த நீரும் வெளியேறும். அதன்பின் மண் தண்ணீரில் கரையாது. காற்றோட்டம் இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு நிறம் தரும். துளைகளை அடைத்துப் புகையை உள்ளே நிறுத்தினால் கலம் கறுக்கும். வெந்த சூளையை அவசரப்பட்டுப் பிரிப்பதில்லை. குளிர்காற்று பட்டால் கீறல் விழும்.

பனையில் பதநீர் இறக்கும் கலயத்துக்கு இன்னொரு சூளையின் துணையும் தேவைப்பட்டது. பதநீர் புளிக்காமலிருக்க உள்ளே தடவும் சுண்ணாம்பு, சிப்பியை நீற்றும் காளவாயில் கிடைத்தது. பனையேற்றம் குறைந்ததால் கலயத்துக்கான தேவையும் சுருங்கியது. அலுமினியமும் எவர்சில்வரும் சமையல் பானையின் இடத்தைப் பிடித்தன. மீன்குழம்புச் சட்டிக்கும் பொங்கல் பானைக்கும் கார்த்திகை அகலுக்கும் மட்டும் வரவேற்பு குறையவில்லை.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் மாவட்டமாதலால் உலர்த்தவும் சுடவும் கிடைக்கும் நாட்கள் குறைவு. அரசு, மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் வழங்குகிறது. மழையைவிட அடிப்படையான சிக்கல், குளத்தில் மண் எடுக்க அனுமதி பெறுவது. இதை எளிதாக்க, நீர்நிலைகளில் கட்டணமின்றிக் களிமண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி அளிக்கும் நடைமுறையை 2024இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.