விடிஞ்சா சுருட்டி வைக்கிற ஆட்டம்

கொல்லிமலையில திருப்புலி நாடுன்னு ஒரு ஊராட்சி இருக்கு. அந்தப் பேரைப் படிச்சதுமே எனக்கு ஆடு புலி ஆட்டம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. மலைக்கு ஏறுற பாதையில 70 கொண்டை ஊசி வளைவு. பல்லாங்குழியில 14 குழி, குழிக்கு அஞ்சு காய் போட்டா அதுவும் 70. தற்செயல்தான். ஆனா பஸ்ல வளைவு எண்ணிக்கிட்டே போறவங்களுக்கு நல்ல கணக்கு.

இன்னைக்கு போர்டு கேம்னா எந்த வாரக் கடைசியிலயும் ஆடலாம். முன்னாடி அப்படி இல்ல, சில ஆட்டங்களுக்குக் காலம் இருந்துச்சு. பரமபதம் மார்கழி மாசம் வைகுண்ட ஏகாதசி ராத்திரிக்கு. விரதம் இருக்கணும், தூங்கக் கூடாது. கண்ணு சொக்காம இருக்க, பாம்பும் ஏணியும் வரைஞ்ச தாள் நடுக்கூடத்துக்கு வரும். விடிஞ்சா சுருட்டிப் பரண்ல. எங்க வீட்டுல மத்த நாள்ல தாயக்கட்டையை உருட்டினா பாட்டி கையிலிருந்து பிடுங்கிடுவாங்க.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கையில சிங்களவங்க 'ஒலிந்த கெளிய'ன்னு நம்ம பல்லாங்குழியோட உறவுக்கார ஆட்டம் ஒண்ணை ஆடுறாங்க. ஒலிந்தன்னா குன்றிமணி. அதுக்கான பருவம் சித்திரைப் புத்தாண்டு. ஹென்றி பார்க்கர்னு ஒரு ஆங்கிலேயர், அங்க நீர்ப்பாசனத் துறையில பொறியாளர். பழைய ஏரிகளை அளக்கப் போன மனுஷன், 1909ல 'ஏன்ஷியன்ட் சிலோன்'னு புத்தகம் போட்டப்ப அணைகளோட ஆட்டங்களுக்கும் இடம் ஒதுக்கினார். அரசாங்க வேலையா வந்தவருக்கு இதுல என்ன அக்கறைன்னு தோணும். எனக்கு அந்த ஆளைப் பிடிச்சதே அதனாலதான்.

இந்த மாதிரி ஆட்டம் ஒரு ஆளை வேற எங்கயோ கொண்டுபோய் விட்டுடும். பல்லாங்குழியில ஒரு குழியில நாலு காய் சேர்ந்தா அது 'பசு', உடனே அள்ளிக்கலாம். அதுக்காகக் காயை எடுக்கறதுக்கு முன்னாடியே எந்தக் குழியில போய் முடியும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கணும். வளைகாப்பு முடிஞ்சு வீட்டோட இருந்த பொண்ணுங்க பலர் மத்தியானம் பூரா பண்ணினது இந்தக் கணக்குதான். கோயில் மண்டபத்துத் தரையில கீறிவெச்ச கட்டங்களைக் கவனிக்க ஆரம்பிச்சவங்க, அப்புறம் கல்வெட்டுப் பக்கம் போகாம இருக்கிறது கஷ்டம். சென்னையில வினிதா சித்தார்த்தா 2002ல ஆரம்பிச்ச 'கிரீடா' பழைய ஆட்டங்களைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்துச்சு.

சரி, காலம் எதுக்கு? பக்தின்னு சொல்லி முடிச்சிடலாம், ஆனா அது மட்டும்னு நான் நம்பல. பகடை நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு. கீழடியில தந்தத்துல செஞ்ச பகடையே கிடைச்சிருக்கு. அதோட ஆபத்தும் அதே அளவுக்குத் தெரியும். திருக்குறள்ல 94ஆவது அதிகாரமே சூதுதான். வீட்டுக்குள்ள பகடை வரலாம், ஆனா ஒரு ராத்திரிக்குன்னு வெச்சது ஒரு கடிவாளம் மாதிரி எனக்குப் படுது. ஏகாதசி ஆட்டத்துல தோத்தவன் பாம்போட வாலுக்கு இறங்குவான், அவ்வளவுதான். நிலத்தை அடமானம் வைக்க நேரம் கிடைக்காது.

போன்ல இருக்கிற ரம்மிக்கு விடியலே கிடையாது. காசு போய், கடன் ஏறி, உயிரை விட்டவங்க செய்தி வரிசையா வந்த பிறகு, 2022 அக்டோபர்ல தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேத்துச்சு. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சுல மறுபடி நிறைவேத்தி, ஏப்ரல்லதான் ஒப்புதல் வந்துச்சு. அந்த நவம்பர்லயே உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு அதை மட்டும் விலக்கிடுச்சு. வாதம் பூரா திறமையா, அதிர்ஷ்டமாங்கிறதுலயே சுத்துச்சு. ஆட்டம் எப்போ முடியும்ங்கிறதையும் அதே அளவுக்குக் கேட்டிருக்கணும்னு எனக்குத் தோணுது.

ஆடு புலி ஆட்டத்துல அந்தப் பிரச்சனை இல்ல. பகடையும் வேண்டாம், காசும் வேண்டாம். சாக்பீஸால தரையில 23 புள்ளி வர்ற மாதிரி முக்கோணக் கட்டம், மூணு கூழாங்கல் புலி, 15 புளியங்கொட்டை ஆடு. 15 ஆடும் இறங்குற வரைக்கும் எந்த ஆடும் நகரக் கூடாது. புலி மட்டும் தாண்டித் தாண்டி வெட்டிக்கிட்டே இருக்கும். எல்லாரும் புலிதான் கேப்பாங்க. நீங்க முதல் ஆட்டத்துக்கு ஆடு பக்கம் உட்காருங்க.