சென்னையின் குடும்ப வழக்கறிஞர்கள்

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியபோது, குடும்ப வழக்கு என்பது பெரும்பாலும் சொத்து வழக்குதான். பாகப்பிரிவினை, தத்து, விதவையின் ஜீவனாம்சம், ஜமீன் வாரிசுரிமை இவைதான் பெயர்பெற்ற வக்கீல்களைத் தேடி வந்தன. கணவன் மனைவி தகராறு ஊர்ப் பெரியவர்களிடமோ சாதிப் பஞ்சாயத்திடமோ போகும். பல சமூகங்களில் மண உறவை முறிக்கும் 'அத்துவிடுவது' வழக்கத்தில் இருந்தது. அதற்கு முத்திரைத்தாளும் வேண்டாம், வக்காலத்தும் வேண்டாம்.

இந்து சட்டத்தை விளக்க நீதிமன்றங்களில் இருந்த பண்டிதர் பதவி 1864இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் மிதாட்சரம், ஸ்மிருதி சந்திரிகை ஆகிய பழைய இந்து சட்ட நூல்களை மேற்கோள் காட்டி வாதாடும் பொறுப்பு முழுக்க வக்கீல்கள் தலையில் விழுந்தது. சென்னையில் தொழில் செய்த ஜான் மெய்ன் 1878இல் வெளியிட்ட இந்து சட்ட நூல் அவர்களுக்குக் கைப்புத்தகமாயிற்று. ஆனால் நூலறிவு மட்டும் போதாது என்பதை ராமநாதபுரம் வழக்கு அதற்கு முன்பே காட்டியிருந்தது. ஜமீன்தாரின் விதவை ராணி, கணவர் அனுமதி தந்து போகாத நிலையில் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். அந்தத் தத்து செல்லாது, ராணிக்குப் பின் ஜமீன் அரசுக்கே சேரும் என்று மதுரை கலெக்டர் வழக்காடினார். கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் இப்பகுதியில் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டு விதியை மிஞ்சும் என்ற அதன் வாக்கு இன்றுவரை குடும்ப வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. பங்காளிகளையும் ஊர் நடப்பையும் அறிந்த வக்கீலுக்கு மவுசு கூடியதில் வியப்பில்லை.

திருமணம் வக்கீலின் தொழிலுக்குள் வந்தது மெதுவாகத்தான். கிறிஸ்தவர்களுக்கு 1869லேயே விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. இந்துக்களுக்குச் சென்னை மாகாணம் 1949இல் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது. நாடு முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தது. இதற்கிடையே 1953இல் உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. சடங்கைத் துறந்து மணந்தவர்களின் பிள்ளைகளுடைய வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. அண்ணா ஆட்சியில் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அந்தத் திருமணங்களுக்கு, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து, செல்லுபடி தந்தது. சமூக இயக்கம் ஒன்று சட்டத்தையே மாற்றியதற்கு இது தெளிவான உதாரணம்.

பெண்கள் இத்தொழிலுக்குள் வந்ததும் மெதுவாகத்தான். அவர்கள் வழக்கறிஞராவதற்கான தடையை 1923ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. சென்னையில் முதல் பெண் வழக்கறிஞராக ஆனந்தாபாய் 1929இல் பதிவு செய்துகொண்டார். எனினும் நீண்ட காலம் பெண் வழக்கறிஞர்களின் எண்ணிக்கை சொற்பமே.

குடும்ப நல நீதிமன்றங்களுக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலுக்கு ஒரு விசித்திரமான நிலையை உண்டாக்கியது. அதன் 13ஆம் பிரிவின்படி, வக்கீல் வைத்துக்கொள்வதைக் கட்சிக்காரர் உரிமையாகக் கோர முடியாது. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதே சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் நீதிமன்ற அனுமதியோடு வக்கீல்கள் ஆஜராகிறார்கள். மனு எழுதுவது, இடைக்கால ஜீவனாம்சம் கேட்பது, பிள்ளையை வாரம் ஒருமுறை பார்க்க உத்தரவு வாங்குவது எல்லாம் அவர்கள் வேலைதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 2001இல்தான் நீங்கியது. அந்தத் தொகையை நம்பி வழக்காடிய பெண், தன் வக்கீலுக்கு என்ன கட்டணம் கொடுத்திருக்க முடியும்? இலவச சட்ட உதவியின் தேவை இங்கேதான் புரிகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்கள் இத்தகைய பெண்களுக்குக் கட்டணம் வாங்காமல் வாதாடுகிறார்கள்.

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலாக 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. அங்கே தம்பதிக்கு நடுவே சமரசராக உட்காருபவர்களில் பலர், மற்ற நாட்களில் வழக்காடும் வக்கீல்களே.