வன்னியிற் கணிதக் கல்வி: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

வன்னியிற் கணித ஆசிரியரில்லாத பாடசாலை தற்செயலாக நேர்ந்ததொன்றன்று. பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறையில் அங்கு சென்று கணிதம் கற்பிப்பதை, அக்குறையின் வரலாற்றுடன் இணைத்தே நாம் நோக்குதல் வேண்டும்.

இரணைமடுக் குளத்தையண்டிய குடியேற்றங்களுக்குக் குடாநாட்டின் காணியற்றோர் பலர் வந்தனர். 1977 வன்செயலின் பின் மலையகத் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். குடாநாட்டிலோ மிசனரிமாரும் சைவப் பெரியோரும் தோற்றுவித்த கல்லூரிகள் பல தலைமுறைகளாக வேரூன்றியிருந்தன. வன்னியில் வயலைத் தொடர்ந்து பள்ளிக்கூடம் வந்தது; கணித ஆசிரியர் வரவில்லை. வந்தவரும் இடமாற்றத்தையே எதிர்பார்த்திருந்தார். 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் கணிதத்தை யாவர்க்கும் கட்டாய பாடமாக்கியது. ஆனால் அதைக் கற்பிப்போரை அச்சீர்திருத்தம் உருவாக்கிவிடவில்லை.

1974 இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா புகுத்தப்பட்டது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. எனவே, குடியேற்றத் திட்டத்து விவசாயியின் பிள்ளை, ஆய்வுகூடமும் நூலகமும் படைத்த குடாநாட்டுக் கல்லூரி மாணவனுடன் அதே இடங்களுக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று. தரப்படுத்தலின் இனவாத அம்சத்தை நாம் உரத்துப் பேசினோம், அது நியாயமே. ஆயின், நமக்குள்ளேயே இருந்த இவ்வேற்றத்தாழ்வைப் பற்றி அத்துணை பேசினோமல்லோம்.

1995 இன் பெரும் இடப்பெயர்வும் 1996 இற் கிளிநொச்சி வீழ்ந்தமையும் பாடசாலைகளை மரநிழலுக்குக் கொண்டுவந்தன. அன்று வகுப்பறையைக் காத்தவர்களுள் தொண்டர் ஆசிரியர்கள் முக்கியமானவர்கள். உயர்தரம் முடித்த கையோடு உயர்தரம் கற்பித்தோரும் அவர்களுள் இருந்தனர்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடாத்திவரும் உயர்தர முன்னோடிப் பரீட்சை இம்மரபின் இன்னொரு வடிவம் எனலாம். தம் படிப்பின் சுமைக்கிடையே வினாத்தாள் அமைத்து விடைத்தாள் திருத்தும் அவ்விளைஞரின் உழைப்பு போற்றற்குரியது. ஆனால் பரீட்சை அளப்பதற்கான கருவி. தொகையீடு கற்பிக்கப்படாத வகுப்பில் அது அளப்பது மாணவனையா, கல்வித் திணைக்களத்தையா? (தனியார் கல்வி நிலையங்கள் அடர்ந்த யாழ் நகரில் இக்கேள்வி எழுவதேயில்லை.)

2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இனித் தூரத்தைக் காரணங்காட்ட இயலாது. இறுதியாண்டுக் கணித மாணவரின் பாடசாலைப் பணியைப் பாடநெறியின் ஓர் அங்கமாக்கி, ஒரு தவணை முழுவதும் ஒரே வகுப்பில் நிற்கச் செய்யலாம். மூன்று நாட் கருத்தரங்கு முடிந்து வாகனம் புறப்பட்ட பின்னரே மாணவனுக்குச் சந்தேகங்கள் எழுகின்றன.